சிவப்பு வராத சோஸ்

என் வீட்டுக்காரிக்குக் கண்ணில் வெள்ளை படர்ந்திருப்பதை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளைதான். கொழுந்து நிறுக்கும் இடத்தில் அவளுடைய சாக்கைக் கிளறிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, இருவத்தஞ்சு வருசமாக் கொழுந்து எடுக்குற. இன்னிக்கு மாட்டுக்குப் புல்லு அறுத்துட்டு வந்திருக்கியா?" என்று கேட்டிருக்கிறார். சாக்கில் பாதி முத்தல் இலை. வீட்டுக்கு வந்து அவள் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் அந்த மாதிரி ஆள் இல்லை. போன் அடித்தால்கூட முதலில் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் எடுப்பேன். யாருக்காவது ஏதாவது என்றால் அப்படியே ஓடலாம் அல்லவா.

பதுளை ஆஸ்பத்திரியில் காட்டினோம். இரண்டு கண்ணிலும் வெள்ளை, வலது கண்ணில் அதிகம் என்றார்கள். முதலில் வலது கண்ணுக்கு ஒப்பரேசன், ஏழு வாரம் கழித்து வாருங்கள் என்று திகதி போட்டுத் துண்டும் தந்தார்கள். அவளுக்கு மூன்று வருடமாகச் சீனி வருத்தம் இருக்கிறது, மாத்திரை போடுகிறாள். அன்றைக்கு வெறும் வயிற்றில் இருநூற்றுப் பத்து காட்டியது.

"நூத்தி எண்பதுக்குக் கீழே கொண்டு வாங்க. அன்னிக்குக் காலையில கூடியிருந்தா ஒப்பரேசன் செய்ய மாட்டோம். புதுசாத் திகதி எடுக்க வேண்டி வரும்" என்றார் டாக்டர்.

புதுத் திகதி என்றால் எப்போது கிடைக்கும் என்று கேட்டேன். அவர் கதவுக்கு வெளியே நின்ற வரிசையைக் கையால் காட்டினார். எனக்கு விளங்கிவிட்டது.

திரும்பி வரும்போது ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் அவள் என் தோளில் சாய்ந்து நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு ஆபத்து எனக்குத் தோன்றிக்கொண்டே இருந்தது. திகதி தவறிப்போனால் இந்தக் கண்ணோடு இவள் எத்தனை மாதம் மலையேறுவாள்? மலையில் தண்ணீர் ஓடக் கான் வெட்டியிருக்கிறது, பாசி பிடித்த கல் இருக்கிறது, குளவிக் கூடு இருக்கிறது. குளவி வருவதை எல்லாரும் கண்ணால் பார்த்து ஓடுவார்கள், இவள் காதால் கேட்டுத்தான் ஓட வேண்டும். அதற்குள் எங்கள் லயத்து வீட்டு வரிசை வந்துவிட்டது, இல்லையென்றால் இன்னும் நிறைய யோசித்திருப்பேன்.

அன்றைக்கே வீட்டிலிருந்த சீனியை எடுத்து அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிட்டேன். எங்கள் பக்கத்தில் பால் இல்லாத பிளேன்டீ குடிப்பதற்கு ஒரு முறை இருக்கிறது. சீனியைத் தேத்தண்ணியில் போட்டுக் கலக்க மாட்டோம். இடது உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டிக்கொண்டு, நாக்கு நுனியால் ஒரு தொடு, அப்புறம் ஒரு மடக்கு. சீனி மிச்சமாகும் என்று எப்போதோ தொடங்கிய பழக்கமாக இருக்கலாம். இப்போது அப்படிக் குடித்தால்தான் குடித்த மாதிரி இருக்கிறது. சீனி போன மறுநாள் அவள் கோப்பையை வலது கையில் வைத்துக்கொண்டு இடது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"கை சும்மா இருக்கேங்க" என்றாள்.

"பழகிரும் புள்ள."

"உங்க கையில சீனி இல்லாம நீங்க குடிச்சுக் காட்டுங்க பாப்போம்."

அன்றிலிருந்து நானும் சும்மா கையோடுதான் குடிக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், பழகவே இல்லை.

சீனி போயிற்று, பிஸ்கட் போயிற்று. ஆனாலும் எனக்குச் சந்தேகம் தீரவில்லை. அலமாரியில் இருந்த ஒவ்வொரு போத்தலையும் எடுத்து எழுத்துக் கூட்டிப் படிக்கத் தொடங்கினேன். நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். பெரிய எழுத்தென்றால் ஓடும், பொடி எழுத்தென்றால் நொண்டும். தக்காளிச் சோஸ் போத்தலின் பின்பக்கத்தில் தக்காளிக்கு அடுத்தபடியாகவே சீனி என்று போட்டிருந்தது. முன்பக்கத்தில் ஒரு சிவப்பு வட்டம். அந்த வட்டத்தை இத்தனை வருடமும் தக்காளிப் படம் என்றே நினைத்திருந்தேன். படித்துப் பார்த்தால், இதில் சீனி கூட என்று எச்சரிக்கிற அடையாளம் அது. எச்சரிக்கையைப் பார்த்து, நல்ல பழுத்த தக்காளியாகப் போட்டிருக்கிறான் என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன்.

சோஸ் என்றால் அவளுக்கு உயிர். கல்யாணமான புதிதில் பதுளையில் ஒரு கடைக்குக் கூட்டிப் போய் ரோல்ஸ் வாங்கிக் கொடுத்தேன். ரோல்ஸை என் பக்கம் தள்ளிவிட்டுத் தட்டிலிருந்த சோஸை வழித்துத் தின்றவள் அவள். ரொட்டிக்குச் சோஸ், சோற்றுக்குச் சோஸ், மரவள்ளிக் கிழங்குக்கும் சோஸ். அந்தப் போத்தலை எடுத்து நான் சட்டைக்குள் மறைத்தேன். கண் தெரியாதவள், கவனிக்க மாட்டாள் என்று நினைத்தேன்.

"வைங்க அதை" என்றாள்.

"எதை?"

"சட்டைக்குள்ள வச்சிருக்கறத. மூடி சத்தம் கேட்டுச்சு." அவள் அடுப்பை விட்டு எழுந்து வந்தாள். "சீனியை எடுத்தீங்க, பேசல. பிஸ்கட்டை எடுத்தீங்க, பேசல. சோஸையும் எடுத்தீங்கன்னா நான் எங்கண்ணன் வூட்டுக்குப் போயிருவேன்."

அவளுடைய அண்ணன் வீடு அடுத்த லயத்தில்தான் இருக்கிறது. கூப்பிட்டால் கேட்கிற தூரம். இருந்தாலும் பயந்துவிட்டேன்.

"நானே செஞ்சு தாறேன் புள்ள. சீனி போடாம."

"நீங்களா? தேத்தண்ணி ஊத்துனா அடுப்பை அணைச்சுப்புடுற ஆளு."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு நெருப்பு தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தேயிலைத் தொழிற்சாலையில் தூள் காய வைக்கிற மிஷினில் எத்தனையோ வருடமாக வேலை செய்கிறேன். காலை முறை வேலை, மத்தியானம் முடிந்துவிடும். அவள் மலையிலிருந்து இறங்க நாலரை ஆகும். நடுவில் அடுப்படி என் கையில்.

பதுளைச் சந்தைக்குப் போய்ப் பண்டாரவளைப் பக்கத்துத் தக்காளியாகப் பார்த்து வாங்கி வந்தேன். செய்முறை போனில் ஒரு அம்மா சொல்லித் தந்தார். அவர் பாட்டுக்கு ஒரு கப், அரைக் கப், கால் கப் என்று ஓடுகிறார். எங்கள் வீட்டில் இருப்பது ஐந்து கோப்பை, ஐந்தும் ஐந்து அளவு. குத்துமதிப்பாகத் தக்காளியை அவித்து, தோலை உரித்து, எங்கள் மகள் கல்யாணமாகிப் போகும்போது விட்டுப் போன பிளெண்டரில் அடித்து, வினாகிரி ஊற்றிக் கொதிக்க விட்டேன். தக்காளி கெட்டியாகிக் கொதிக்கும்போது எப்படித் துள்ளும் என்று அந்த அம்மா சொல்லவில்லை. மூடியைத் திறந்தேன், ஒரு குமிழ் வெடித்துக் கூரைத் தகரம் வரைக்கும் போயிற்று. இன்னொன்று என் காதில் பட்டது. மூன்றாவது எங்கே போனது என்று அன்றைக்குத் தெரியவில்லை.

ஆறிய பிறகு நான் முதலில் ஒரு கரண்டி தின்றேன். தின்றுவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன். வீட்டில் செய்தது, ஏதாவது கெட்டுப்போயிருந்தால்? நடுவில் இரண்டு தரம் கண்ணாடியில் நாக்கை நீட்டிப் பார்த்தேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று நிச்சயமான பிறகுதான் அவளுடைய ரொட்டியில் ஊற்றினேன்.

ஒரு வாய் தின்றாள். கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"எப்படி?"

"சோஸ்னு சொன்னீங்க?"

"சோஸ்தான்."

"இது ரசத்துக்கு அண்ணன்" என்றாள். அடுத்த வாய்க்கு வெறும் ரொட்டியைத்தான் பிய்த்தாள்.

இனிப்பு வேண்டும், ஆனால் சீனி கூடாது. இந்த இடத்தில்தான் நான் அந்த மடத்தனத்தைச் செய்தேன். நான் மட்டும் இல்லை, எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். சீனி வருத்தக்காரருக்குக் கித்துள் பாணி நல்லது என்று லயத்தில் பத்துப் பேரைக் கேட்டால் பத்துப் பேரும் சொல்வார்கள். கித்துள் மரத்திலிருந்து எடுக்கிற தெளுவைக் காய்ச்சி இறக்குகிற பாணி, மிஷினில் போகாதது, மருந்து கலக்காதது. அதனால் நல்லது. இந்த நியாயத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை.

பதுளை பசார் வீதியில் நான் வழக்கமாகப் போகிற கடைக்கார நானாவிடம் கேட்டேன்.

"நானா, சுத்தமான கித்துள் பாணி இருக்கா? சீனி கலந்ததா இருக்கக் கூடாது."

"பசறைக்கு மேல கிராமத்துல இருந்து நேரா வருது. மூக்குல வச்சுப் பாருங்க" என்று போத்தலைத் திறந்து நீட்டினார். "யாருக்கு?"

"வூட்டுல. சீனி வருத்தம்."

"அப்ப இதுதான் சரி. என்ட உம்மாவும் இதுதான்" என்றார்.

அவர் மேல் குறை சொல்ல மாட்டேன். பாணி சுத்தம்தான். அதில் ஒரு துளி கலப்படம் இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தப் பாணியை ஊற்றிக் காய்ச்சிய சோஸ் கருஞ்சிவப்பாக, பளபளவென்று வந்தது. அவள் ஒரு வாய் தின்றுவிட்டுத் தட்டை நீட்டினாள். மறுபடியும் ஊற்றினேன். மறுபடியும் நீட்டினாள்.

"கடைப் போத்தலு தோத்துருச்சுங்க" என்றாள்.

அன்றைக்கு எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. லயத்தில் செய்தி பரவிவிட்டது. குழாயடியில் என்னைப் பார்த்தால், "சோஸ் தொரை வாறாரு, வழி விடுங்கடி" என்பார்கள். தொழிற்சாலையில் கூட வேலை செய்கிறவர்கள், "எங்களுக்கும் ஒரு போத்தல் போடுங்க தொரை" என்று கிண்டல் செய்தார்கள். கிண்டல் என்று தெரிந்தும் இரண்டு பேருக்குக் கொடுத்தேன். முதல் போத்தல் ஐந்து நாளில் முடிந்தது, அடுத்தது நாலு நாளில். மூன்றாவது எப்போது முடிந்தது என்றே தெரியவில்லை. இவ்வளவு விரும்பித் தின்கிறாளே என்று அடுத்த முறை கூடக் கொஞ்சம் பாணி ஊற்றினேன்.

எல்லாவற்றுக்கும் கவலைப்படுகிற நான் இதற்கு மட்டும் கவலைப்படவில்லை. போத்தல் வெடித்துவிடுமோ என்று கவலைப்பட்டு அதைத் துணியில் சுற்றி வாளிக்குள் வைத்தேன். மூடியில் துரு இருக்குமோ என்று கவலைப்பட்டேன். போத்தலுக்குள் என்ன இருக்கிறது என்பதை யோசிக்கவில்லை.

ஒப்பரேசனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது தோட்டத்து டிஸ்பென்சரியில் சீனி பார்த்தார்கள். அங்கே இருக்கிற நர்ஸ் மிஸ் சின்ன வயதுக்காரர், பசறைப் பெண், வாய் கொஞ்சம் கூர்மை. விரலில் குத்தி, மிஷினைப் பார்த்து, இன்னொரு விரலையும் கேட்டார்.

"இருநூத்தி நாப்பத்தெட்டு" என்றார். "அம்மா, என்ன சாப்பிடுறீங்க?"

"ஒண்ணுமே இல்ல மிஸ். இவரு எல்லாத்தையும் எடுத்துட்டாரு. வூட்டுல எறும்புகூட வாறதில்ல."

"இனிப்பா எதுவும்?"

"சீனி ஒரு மணி கூட இல்ல மிஸ்" என்று நான் முந்திக்கொண்டேன். "சோஸ்கூட நான் வூட்டுலதான் செய்யுறேன். கித்துள் பாணி போட்டு."

நர்ஸ் மிஸ் பேனாவைக் கீழே வைத்தார்.

"கித்துள் பாணியா?"

"அது மரத்துல வாறது மிஸ்."

"ஐயா, சீனி மட்டும் என்ன தார் ரோட்டுலயா மொளைக்குது? அது கரும்புல வருது, இது மரத்துல வருது. ரத்தத்துக்குள்ள போனா ரெண்டுக்கும் ஒரே வேலைதான்." அப்புறம் அவள் பக்கம் திரும்பினார். "சரி, ரொட்டிக்கு எவ்வளவு தொட்டுக்குவீங்க? ஒரு கரண்டி? ரெண்டு? அதுக்கு இவ்வளவு ஏறாதே."

என் வீட்டுக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

"ரொட்டிக்குக் கொஞ்சந்தான் மிஸ். தேத்தண்ணிக்குத்தான்..."

"தேத்தண்ணிக்கு யாரும்மா சோஸ் போடுறது?"

அவள் இடது கையை மெதுவாக விரித்துக் காட்டினாள். ரேகை முழுக்கச் செம்மண் நிறம். எனக்கு அப்போதுதான் விளங்கியது. சீனி இருந்த இடத்தில் சோஸ். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கிற பெரட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு உள்ளங்கை, மலையில் பத்து மணித் தேத்தண்ணிக்கு ஒரு உள்ளங்கை, சாயங்காலம் இறங்கி வந்து ஒரு உள்ளங்கை. மலைக்குக் கொண்டுபோக ஒரு பழைய மாத்திரைப் போத்தலில் நிரப்பி இடுப்பில் சொருகிக்கொண்டு போயிருக்கிறாள்.

நர்ஸ் மிஸ் சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. சிரித்து முடித்துவிட்டு முகத்தை மாற்றிக்கொண்டு சொன்னார்: "மூணு வாரந்தான் இருக்கு. மாத்திரையப் பத்தி டாக்டர்கிட்டக் கேக்குறேன். ஆனா இந்தப் பாணி இன்னியோட நிக்கணும்."

திரும்பி வரும்போது அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். பகல் வெளிச்சத்தில் அப்படிப் பிடிக்கிறவள் இல்லை. லயத்துப் படி வரும் வரைக்கும் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை.

"மறைச்சிட்டேன்னு கோவமா?" என்று கேட்டாள்.

"நான்தானே ஊத்திக் குடுத்தேன்."

"எனக்குப் பயமா இருக்குங்க" என்றாள். "கொழுந்துக்கு இல்ல. கொழுந்து கையில பட்டாத் தெரியும். மூஞ்சிங்கதான் தெரியல. யாரு வாறாங்கன்னு கொரலை வச்சுத்தான் பேசுறேன். நேத்து நீங்க எதுக்கால வந்தப்ப, கங்காணின்னு நெனச்சு முந்தானையச் சரி பண்ணிக்கிட்டு ஒதுங்கி நின்னேன்."

எனக்கு அது நினைவிருந்தது. ஏதோ என்மேல் கோபம் என்று நினைத்து, நேற்று முழுக்க என்ன தப்பு செய்தேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு மீதியிருந்த சோஸை வாழை அடியில் கொட்டினேன். எறும்பு வந்த வேகத்தைப் பார்த்தபோது நர்ஸ் மிஸ் சொன்னது இன்னும் நன்றாக விளங்கியது.

சோஸே வேண்டாம் என்று விட்டிருக்கலாம்தான். ஆனால் ஒன்றையும் கொடுக்காமல் விட்டால் அவள் எங்கேயாவது ஒரு போத்தலைத் தேடிக்கொள்வாள் என்று எனக்குத் தெரியும். மாத்திரைப் போத்தலை இடுப்பில் சொருகியவள். அதனால் இன்னொரு தரம் அடுப்படிக்குள் போனேன். இந்த முறை போனை வைத்துவிட்டுப் போனேன்.

தொழிற்சாலையில் எங்களுக்கு மணியை விட மூக்குதான் முக்கியம். பச்சை இலை வாடும்போது ஒரு வாசம். அரைத்துப் பரப்பி வைத்தால் புல் வாசம் போய்ப் பழ வாசம் வரும். அந்த நேரத்தில் நெருப்புக்குக் கொண்டுவர வேண்டும், தாமதித்தால் புளித்துப்போகும். வெங்காயத்திலும் அப்படி ஒரு நேரம் இருக்கும் என்று எனக்குத் தோன்றியது. பெரிய வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, சொட்டு எண்ணெயில், அடுப்பை அடங்க வைத்துக் கிண்டினேன். முதலில் கண் எரிகிற வாசம். அப்புறம் வெந்த வாசம். பொறுமையாக ஒரு மணி நேரம் கிண்டினால் திடீரென்று ஒரு இனிப்பு வாசம் எழும்பியது. அதே வாசம்தான், காய்கிற தூளில் வருகிற வாசம். அந்த நேரத்தில் தக்காளியைக் கொட்டினேன். கூட ஒரு துண்டு கறுவாப் பட்டை, இரண்டு கராம்பு, இஞ்சி, காய்ந்த கொச்சிக்காய், கொஞ்சம் வினாகிரி. உப்பைப் போடும்போது, கூடினால் பிரஷரும் ஏறுமே என்ற நினைவு வந்து பாதியைத் திரும்ப எடுத்துவிட்டேன்.

இறக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். நிறம்! மழை பெய்து ஓய்ந்த மறுநாள் லயத்து முற்றம் எப்படி இருக்குமோ, அதே நிறம். சிவந்த வெங்காயமும் பட்டையும் சேர்ந்து தக்காளியின் சிவப்பைத் தின்றுவிட்டன. கோப்பையை எடுத்துக்கொண்டு டிஸ்பென்சரிக்கு ஓடினேன்.

"மிஸ், பீட்ரூட் சாறு கொஞ்சம் ஊத்தினா நெறம் வரும். ஊத்தலாமா?"

"ஐயா, நேத்து கேரட்டுக்கு வந்தீங்க, முந்தா நாள் வினாகிரிக்கு வந்தீங்க. இதுல சீனி இருக்கா?"

"இல்ல."

"பாணி?"

"இல்ல மிஸ்."

"அப்ப ஒரு கரண்டி, ரெண்டு கரண்டி தொட்டுக்கட்டும். நெறத்தைப் பத்தி எங்ககிட்ட மருந்து இல்ல."

அன்றைக்கு அவள் தட்டில் கொஞ்சமாக ஊற்றினேன். அவள் ரொட்டியைத் தொட்டு வாயில் வைத்தாள். மெதுவாக மென்றாள். இன்னொரு தரம் தொட்டாள்.

"இதுல என்ன போட்டீங்க?"

"வெங்காயம்."

"பொய்."

"சத்தியமா வெங்காயந்தான் புள்ள."

"இனிக்குதே. வெங்காயத்துக்குள்ள இதை எவன் ஒளிச்சு வச்சான்?" என்றாள். நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ருசி நன்றாக இருந்தால் நிறத்தை யார் பார்க்கிறார்கள் என்று நான் நிம்மதியானேன். எனக்கு நிம்மதி வருவதே அபூர்வம் என்பதால் அதை மேற்கொண்டு கிளறவில்லை.

ஆனால் இந்தச் சோஸ் தேத்தண்ணிக்கு ஒத்து வரவில்லை. உள்ளங்கை திரும்பவும் சும்மா ஆகிவிட்டது. அதற்கு வழி கண்டுபிடித்தவள் அவள்தான். சோஸுக்கு வாங்கி வைத்திருந்த கறுவாப் பட்டையில் ஒரு துணுக்கை உடைத்துக் கையில் வைத்துக்கொண்டாள். நம் நாட்டுப் பட்டை மெல்லியது, கடித்தால் நாக்கில் ஒரு இனிப்பு ஊறும். ஒரு கடி, ஒரு மடக்கு. முகம் மலர்ந்துவிட்டது. இதற்கும் டிஸ்பென்சரிக்குப் போய்க் கேட்டேன். "கொஞ்சமாக் கடிச்சா ஒண்ணுமில்ல. பல்லைப் பாத்துக்கச் சொல்லுங்க" என்று நர்ஸ் மிஸ் ஜன்னல் வழியாகவே அனுப்பிவிட்டார். மலையில் கூட இருப்பவர்கள், "என்னடி, மரங்கொத்தி ஆயிட்டியா?" என்று கேட்டார்களாம். கேட்டவர்களே இரண்டு நாள் கழித்து, "எனக்கும் ஒரு துண்டு தாடி" என்று கை நீட்டினார்களாம்.

ஒப்பரேசன் நாள் காலையில் முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போனோம். வெறும் வயிறு. அவளை உள்ளே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த எல்லாச் சாமியையும் கூப்பிட்டு முடித்துவிட்டு, கதிர்காமத்தானை இரண்டாவது தரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கதவைத் திறந்து வெளியே வந்தாள். திருப்பி அனுப்பிவிட்டார்கள் என்று நினைத்தேன்.

அவள் வரிசையில் உட்கார்ந்திருந்த எல்லாருடைய முகத்தையும் பார்த்தபடி நின்றாள். "எங்கங்க இருக்கீங்க?" என்று கேட்டாள். நான் அவளுக்கு நேர் எதிரில்தான் இருந்தேன்.

"இங்கதான் புள்ள. என்ன சொன்னாங்க?"

"நூத்தி நாப்பத்தாறாம்."

அந்தப் பதற்றத்தில் அது நூற்று எண்பதுக்கு மேலா கீழா என்று எனக்கு ஓடவில்லை. விரலை மடக்கிப் பார்த்தேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெரியவர், "அது கீழேதான் தம்பி, நல்லது" என்றார்.

"அப்ப ஏன் வெளிய வந்த?"

"தோடு, மூக்குத்தியெல்லாம் கழட்டித் தரணுமாம். இந்தாங்க" என்று என் கையில் வைத்தாள். "அழுவாதீங்க. உள்ள போகப் போறது நானு."

சோஸால்தான் இறங்கியது என்று நான் சொல்ல மாட்டேன். மாத்திரையையும் கூட்டித்தான் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஏற்றிவிட்டது என் சோஸ் என்பது நிச்சயம். இறங்கும்போது அது குறுக்கே நிற்கவில்லை என்பதே எனக்குப் போதும்.

மறுநாள் கண் கட்டை அவிழ்த்தார்கள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு பஸ்ஸில் வந்தாள். இந்த முறை தூங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு பெயர்ப் பலகையையும் சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தாள். நடுவில் திரும்பி என் முகத்தைப் பார்த்து, "எப்பங்க இவ்வளவு நரைச்சுச்சு?" என்று கேட்டாள். போன ஏழு வாரத்தில் என்றேன்.

வீட்டுக்கு வந்ததும் அடுப்படியில்தான் போய் நின்றாள். கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கழற்றவில்லை, கொஞ்சம் மூக்குக்கு இறக்கிவிட்டு அதற்கு மேலாகப் பார்த்தாள். நான் பின்னால் நின்று பூச்சி விழுமோ, புகை படுமோ என்று கையால் விசிறிக்கொண்டிருந்தேன்.

"கூரையில என்ன அது, ரத்தமா?"

"தக்காளி. முதல் நாளு."

"சாமிப் படத்துல?"

நிமிர்ந்து பார்த்தேன். முருகனுக்கு நெற்றியில் ஒரு பொட்டு கூடுதலாக இருந்தது. மூன்றாவது குமிழ் எங்கே போனது என்று அப்போதுதான் தெரிந்தது.

ரொட்டி சுட்டுத் தட்டில் வைத்தேன். போத்தலை எடுத்துச் சோஸ் ஊற்றினேன். அவள் தட்டைப் பார்த்தாள். குனிந்து பார்த்தாள். தட்டை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"இது என்னங்க?"

"சோஸ்."

"இதையா மூணு வாரமா எனக்கு ஊத்துனீங்க?"

"இதேதான் புள்ள. நல்லா இருக்குன்னியே."

"முத்தத்துச் சேத்தை அள்ளி வச்ச மாதிரி இருக்கு. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

அவள் நிறத்தைப் பற்றிக் கேட்காமல் இருந்தது ஏன் என்று அந்த இடத்தில்தான் எனக்கு உறைத்தது. இனிமேல் தின்ன மாட்டாளோ, திரும்பக் கடைப் போத்தலுக்குப் போய்விடுவாளோ, அடுத்த கண்ணுக்கும் திகதி போட்டிருக்கிறார்களே, அதற்குள் திரும்ப ஏறிவிடுமோ என்று வரிசையாக ஓடத் தொடங்கியது.

"பீட்ரூட் சாறு ஊத்தலாமான்னு மிஸ்ஸைக் கேட்டேன்..." என்று ஆரம்பித்தேன்.

அவள் கையைக் காட்டி நிறுத்தினாள். தட்டைக் கொண்டுவந்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கறுப்புக் கண்ணாடிக்குப் பின்னால் இரண்டு கண்ணையும் இறுக மூடினாள். ரொட்டியைப் பிய்த்து, தடவிப் பார்த்துச் சோஸில் தொட்டு, வாயில் வைத்தாள்.

"இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்றாள். "முடிஞ்சதும் சொல்லுங்க, கண்ணைத் தொறக்குறேன்."